சிகிரியாவில் ஒரு பாட்டு

எண்பதுகளிலே வாலிபப் பிராயத்தினராயிருந்த நமக்குப் பாட்டு, காதுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் விருந்தாயிற்று. 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவில் ஆரம்பமான எம்.ரி.வி. தொலைக்காட்சி அதற்கு வழிகோலியது. அதில் முதன்முதற் காட்டப்பெற்ற பாட்டுப் படத்தை நெறிப்படுத்தியவர் ரசல் மல்காஹி என்னும் அவுஸ்திரேலியர்.

அவரே 1982 இல், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலே தோன்றிய 'டுரான் டுரான்' இசைக் குழுவினருடன் நமது தீவுக்கு வந்தார். சிகிரியாக் குன்றின் உச்சியிலும், பழைய பௌத்த ஆலயமொன்றின் இடிபாடுகளினிடையேயும் 'சேவ் எ பிரேயர்' என்னும் பாட்டுப் படமாக்கப்பட்டது. நம் நாட்டின் எழிலை உலகத்து இளைஞர் வீட்டிலிருந்தவாறே கண்டனர். நாமும் விடியோ நாடாவிற் கண்டு பெருமிதங் கொண்டோம்.

மறு ஆண்டு, 1983 யூலையில், இனக்கலவரம் மூண்டது. தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. உயிர்கள் பல மாண்டன. அதன்பின் நம் தீவின் பெயர் உலகச் செய்திகளில் வேறு விதமாக ஒலித்தது.

இன்று அப்படத்தைக் காணுந்தோறும் நமது கண் பாடகரை விட்டுப் பின்னணிக்கே செல்கின்றது. அக்கொடுமைக்கு முந்திய ஆண்டின் வெயில் அங்கே இன்னும் காய்கின்றது. புலம்பெயர்ந்துவிட்ட நண்பர்களின் முகங்கள் நினைவில் எழுகின்றன.

பிள்ளைகளே, அப்படத்தைப் பெற்றோருடன் அமர்ந்து ஒருமுறை பாருங்கள். அவர்கள் மௌனமாயிருப்பின், காரணத்தைக் கேளுங்கள்.