மூன்றாவது ரைடுக்கு யாரை அனுப்புவது?

காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமத் திடல்களில் நான் கபடி ஆடிய காலத்தில், யாரை ரைடுக்கு அனுப்புவது என்பதை மூத்த ஆட்டக்காரரே ஆடிக்கொண்டே முடிவு செய்வார். 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீகில் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளருடையது.

அவருக்குக் கடினமான தருணம் மூன்றாவது ரைடு. தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியின்றி முடிந்தால், அடுத்த ரைடில் முப்பது நொடிக்குள் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். தவறினால் ரைடர் வெளியேறுவார், எதிரணி ஒரு புள்ளி பெறும். முதன்மை ரைடரே இதில் சிக்கினால் அணியின் தாக்குதல் முடங்கிவிடும். எனவே பல அணிகள் இதற்கென்றே இன்னொருவரைத் தயாராக வைத்திருக்கின்றன. பார்வையாளருக்கு இது அச்சமாகத் தெரியலாம். எதிரணிக் களத்தில் மூச்சடக்கிப் பாடியவருக்கோ இது வெறும் கணக்கு.

2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கிய பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே காயமுற்று விலகினார். பயிற்சியாளரும் பருவத்தின் இடையில் மாறினார். பொறுப்பேற்ற முன்னாள் இந்திய வீரர் அஷன் குமார் அறிமுக ரைடர் நரேந்தரை நம்பினார். இருநூறுக்கு மேல் ரைடு புள்ளிகள் குவித்தார் அந்த இளைஞர். அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது.

ஆடிய அனுபவம் மட்டும் போதுமா? 2016-இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்ற தர்மராஜ் சேரலாதனும், உதயகுமாரும் 2024-இல் தலைவாஸைப் பயிற்றுவித்தனர். அணி முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. ஏலத்தில் கிடைத்த ஆட்களை வைத்துத்தானே எவரும் அணி நடத்த முடியும்! மறு ஆண்டு சஞ்சீவ் பல்யான் வந்தார். அவரும் முன்னாள் ஆட்டக்காரர்தான்.