குளிர்கால விருந்தாளிகளும் நமது காமிராவும்

கார்த்திகை பிறந்துவிட்டால் மூக்கண்டப்பள்ளியில் விடியற்காலைப் பனி கண்ணை மறைக்கும். தொழிற்சாலைப் பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும். இந்த நாட்களில்தான் தூர தேசத்து விருந்தாளிகள் சிலர் தென்னிந்தியாவுக்கு வந்து தங்குகின்றனர். அவர்கள் வேட்டைப் பறவைகள்.

வட ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துவிடும். எலி, தவளை முதலியவை பதுங்கிவிடும். இரை தேடியே இப்பறவைகள் தெற்கே வருகின்றன. சேற்றுப் பூனைப்பருந்து நாணல் புதர்களின் மேல் தாழப் பறந்து இரை தேடும். விராலடிப்பான் நீரில் பாய்ந்து, கால்களால் மீனைப் பற்றும். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் செல்பவர்கள் இவற்றைத் தேடிப் பார்க்கலாம். பங்குனி, சித்திரைக்குள் அவை தாயகம் திரும்பிவிடும்.

இவற்றைப் படம் பிடிப்பது எப்படி?

முதலில் நேரம். காலையில் நிலம் சூடேறிய பிறகே வெப்பக் காற்று மேலெழும். பெரிய பறவைகள் அக்காற்றில் ஏறி வட்டமிட்டு, சிறகை அதிகம் அசைக்காமலே உயரச் சென்றுவிடும். அதற்கு முன் பட்ட மரங்களிலும் கம்பங்களிலும் அமர்ந்திருக்கும் வேளையே நமக்கு ஏற்றது. அப்போது வெயில் சாய்வாக விழுவதால் சிறகின் அடிப்புறமும் துலங்கும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் அப்பகுதி இருண்டு போகும்.

அடுத்தது நிற்கும் இடம். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்நோக்கியே இருக்கும். நமது பகுதியில் குளிர்காலக் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே காலையில் பறவைக்குக் கிழக்கே நின்றால், சூரியனும் காற்றும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையும் நம்மை நோக்கியே எழும்பும்.

மூன்றாவது கருவி. எட்டி நின்று எடுக்க 400 மில்லிமீட்டர் அளவுள்ள டெலி லென்ஸ் உதவும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 1000-இல் ஒரு பங்காவது இருக்கவேண்டும். வெளுத்த வானத்தைப் பின்னணியாகக் கொண்டால் காமிரா ஏமாந்து பறவையைக் கரிக்கட்டையாகக் காட்டும். அப்போது ஒளியை ஒரு படி கூட்டி வைக்கவேண்டும். கூர்மை எப்போதும் கண்ணில் விழவேண்டும்.

இவை அனைத்தினும் மேலானது ஒன்று உண்டு: பறவையின் அமைதியைக் கெடுக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான மைல்கள் பறந்து வந்த அது, திரும்பிச் செல்வதற்கான வலிமையை இங்கேதான் சேர்க்கிறது. அழகிய படம் வேண்டுமென்று நாம் அதை ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அந்த வலிமை வீணாகிறது. கழுத்தை நிமிர்த்தி நம்மையே உற்று நோக்கினால், சிறகைச் சற்றே விரித்தால், அது அஞ்சுகிறது என்று பொருள், உடனே பின்வாங்கவேண்டும். பூனைப்பருந்துகள் இரவில் புல்வெளித் தரையில் கூடி உறங்கும். ஆதலால் அந்தி வேளையில் அங்கே நடக்கலாகாது. நம் ஊர்ச் செம்பருந்து கூடு கட்டுவதும் இதே மாதங்களில்தான். நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டை காகத்துக்கு இரையாகும். கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நம் தமிழர் ஒருவர் உண்டு. மா. கிருஷ்ணன் (1912–1996) பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனமான கருவியைச் சுமந்து காடுகளில் நடந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களும் எழுதிய கட்டுரைகளும் பலரை இயற்கையின் நண்பர்களாக்கின. 1970-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"படம் எடுப்பதால் பறவைக்கு என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். நாகாலாந்து அதற்கு விடை தருகிறது. சுமார் 150 கிராம் எடையே உள்ள அமூர் வல்லூறுகள், சைபீரியா, வட சீனப் பகுதிகளிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வழியில் அங்குள்ள தோயாங் நீர்த்தேக்கத்தருகே கூடுகின்றன. 2012-இல் அவற்றை வலை விரித்துப் பிடித்து, இறைச்சிக்காக இலட்சத்துக்கும் மேலாகக் கொன்றதாக மதிப்பிடப்பட்டது. இயற்கை ஆர்வலர் சிலர் அக்கொடுமையைப் படமெடுத்து உலகுக்குக் காட்டினர். ஊர்ச் சபைகளும் கிறிஸ்தவத் திருச்சபைகளும் மக்களிடம் பேசின. மறு ஆண்டே வலைகள் மறைந்தன. 2013-இல் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட மூன்று வல்லூறுகள், நமது தீபகற்பத்தையும் அரபிக் கடலையும் கடந்து ஆப்பிரிக்காவை அடைந்தன. அவற்றில் ஒன்றுக்கு இட்ட பெயர் 'நாகா'.

நமது ஊரில் வலை இல்லை. ஆனால் புல்வெளிகளும் ஏரிக்கரைகளும் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறி வருகின்றன. தொழில் வேண்டும், தந்தையரும் அண்ணன்மாரும் அதனால்தானே பிழைக்கின்றனர்! எனினும் ஓர் இடத்தில் என்ன வாழ்ந்தது என்று எழுதி வைக்காவிட்டால், எதை இழந்தோம் என்பதும் நமக்குத் தெரியாமல் போகும். நாளும் இடமும் குறித்த ஒரு சாதாரணப் படம் அதற்குச் சாட்சியாகும். அதை இ-பேர்ட் போன்ற பதிவேட்டில் சேர்த்தால் ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படும்.

விலையுயர்ந்த காமிரா இல்லையே என்று எந்தச் சகோதரியும் வருந்த வேண்டாம். பெற்றோரும் உடனே கடைக்கு ஓடவேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் இரவல் வாங்கிய பைனாகுலரும் தொடங்குவதற்குப் போதும். எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்தது என்று குறித்து வாருங்கள்.

பறவைகளைச் சகோதரிகளே என்றழைத்த அசிசி நகர்ப் புனித பிரான்சிசை, 1979-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதரின் அன்பு நம் கையிலுள்ள காமிராவிலும் விளங்கட்டும். இறைவன் அனுப்பிய விருந்தாளி வந்தபடியே நலமாகத் திரும்பிச் செல்வதுதான் நாம் எடுக்கும் படத்துக்குக் கிடைக்கும் முதற்பரிசு.