ஒரு கரண்டி பழைய மாவு: அன்றாடப் படைப்பூக்கம் எப்படி இயங்குகிறது?

அப்பம் சுடுவது சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்கான ஏற்பாடு முதல் நாள் மத்தியானமே தொடங்கிவிடுகிறது. பச்சரிசியைக் களைந்து ஊற வைத்து, அரைத்து, கொஞ்சம் சீனியும் கள்ளும் சேர்த்து (இப்போது பெரும்பாலும் கள்ளின் இடத்தில் ஈஸ்ட்தான்), மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். இரவு முழுக்க மாவில் யாரும் கை வைப்பதில்லை. விடிந்து பார்த்தால் பாத்திரத்தின் வாய்வரை பொங்கி நிற்கிறது.

புதிதாக ஒன்றை யோசித்துச் செய்வதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் ஊறல், பிறகு புளிப்பு, கடைசியில் சூடு. நம்மில் பலர் நேராக அடுப்பைப் பற்றவைத்து, சட்டியைக் காயவைத்து, ஊற்ற மாவு எங்கே என்று தேடுகிறோம். வெள்ளைத் தாளின் முன்னால் உட்கார்ந்து, தலையில் ஒன்றும் வரவில்லை என்று எழுந்துவிடுவது அதனால்தான்.

எந்தப் படைப்பூக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2009இல் ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் படைப்பூக்கத்தை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். மேல்படியில் காலம் கடந்து நிற்கும் மேதைகள். அதற்குக் கீழே தொழில்முறைக் கலைஞர்கள். மூன்றாவது படியில் பழைய சேலையில் பை தைப்பவர், மீந்த கறியைப் புதுக் கறியாக்குபவர், பிள்ளையைத் தூங்கவைக்கச் சொந்தமாக நாலு வரி கட்டுபவர். அடிப்படியில், ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது ஒருவருக்குள் மட்டும் நிகழும் சின்னஞ்சிறு கண்டுபிடிப்பு. எனக்கு அக்கறை கீழ் இரண்டு படிகளில்தான். மேல்படிக்காரர்களும் அங்கிருந்துதான் ஏறிப் போகிறார்கள்.

அந்தப் படிகளுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இலங்கையின் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவஸ்டனுக்கு ஏறி, மறுபக்கம் இறங்கினால் லக்கல. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில் கிடக்கும் ஊர்கள். வயல் ஒரு பக்கம், காட்டை ஒட்டிச் சேனை (காட்டை எரித்துப் பயிரிடும் நிலம்) ஒரு பக்கம். சேனையில் குரக்கனோ சோளமோ முற்றும் காலத்தில் பன்றியும் யானையும் வரும். இரவில் யாராவது ஒரு குடிலில் காவல் இருந்தாக வேண்டும். இலங்கையின் சேனைக்காரர்கள் இந்தக் காவல் குடிலில் இருந்துகொண்டு பாடியவைதான் சிங்களத்தில் ‘பல் கவி’ எனப்படும் பாடல்கள். நம் குறிஞ்சித் திணையில் பரண்மேல் இருந்து தினைப்புனம் காத்தவர்களை நினைத்துக்கொண்டால் காட்சி தானாகத் தெரியும்.

கவிதை எழுத வேண்டும் என்று யாரும் அந்தக் குடிலுக்குப் போகவில்லை. தூக்கத்தை விரட்ட வேண்டும், மிருகத்தை விரட்ட வேண்டும், அடுத்த சேனையில் இருப்பவருக்கு ‘நான் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். அது திட்டமாக இருந்தது. நேரம் தெரியும், இடம் தெரியும், இரவு நீளமானது என்பதும் தெரியும். பெரும்பாலும் நாலு அடி, அடி முடிவில் ஓசை ஒத்துவர வேண்டும் என்ற வடிவமும் கையில் இருந்தது. அப்பச்சட்டியின் குழிவுதான் அப்பத்துக்கு விளிம்பைத் தருகிறது. தட்டையான கல்லில் அதே மாவை ஊற்றினால் வேறு பண்டமாகிவிடும். குடிலில் இருந்தவருக்கு அந்த நாலு அடிதான் குழிவு.

அரிசியை ஊறப்போடுவது என்று நான் சொல்வது இந்த நோக்கம் வைப்பதைத்தான். ‘இந்த வருஷம் நிறைய வரைய வேண்டும்’ என்பது ஊறல் ஆகாது. அது அரிசி மூட்டையைப் பார்த்துவிட்டு வருவது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்கியிருக்கிறார். பொத்தாம் பொதுவான தீர்மானத்தைவிட ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று இடத்தையும் நேரத்தையும் முடிச்சுப் போட்டு வைப்பவர்களே சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள். ‘பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றியதும் பின்வாசலில் உட்கார்ந்து ஒரு இலையை வரைவேன்’ என்றால், தேத்தண்ணீரே நினைவூட்டிவிடும். மன உறுதியைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

அடுத்தது புளிப்பு. மாவுக்குள் என்ன நடக்கிறது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்தக் குமிழ்கள் மாவுக்குள் சிக்கிக்கொண்டு அதைத் தூக்குகின்றன. நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, நிம்மதியாக விடுவது. மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து கலக்கினால் பிடித்த காற்றெல்லாம் போய்விடும்.

ஆங்கில அறிஞர் கிரஹாம் வாலஸ் 1926இல் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகச் சொன்னபோது இரண்டாவது கட்டமாக வைத்தது இந்த அடைகாப்பைத்தான். 2009இல் சியோ, ஓமரோட் இருவரும் 117 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், சிக்கலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திரும்புவது பலன் தருகிறது என்றே வந்தது. சொற்கள் சம்பந்தப்பட்ட புதிர்களில், சும்மா கிடப்பதைவிட மூளையை அதிகம் வாட்டாத ஏதாவது வேலை கூடுதலாக உதவியதாம். கீரை ஆய்வது, உடுப்பு மடிப்பது, சேனையில் காவல் இருப்பது எல்லாம் அந்த வகைதான். கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்பது அதில் சேராது என்பது என் கருத்து. அங்கே மனம் சும்மாவும் இல்லை, வேலையும் செய்யவில்லை.

விளையாட்டு இந்தப் புளிப்பின் சர்க்கரை. பயன் என்னவென்று கேட்காமல் செய்து பார்ப்பதுதான் விளையாட்டு. இந்த வண்ணத்தை அதன்மேல் பூசினால் என்ன ஆகும், இந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்ற விஷமம். இதைக் கொல்வது மிகச் சுலபம். கைச்சூட்டு நீரில் ஈஸ்ட் துள்ளும், கொதிநீரில் செத்துவிடும். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனை பிரசித்தம். ஏற்கனவே ஆசையாகப் படம் வரைகிற பிள்ளைகள். ஒரு பிரிவினரிடம் ‘வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, கொடுத்தும் விட்டார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், ஓய்வு நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவில்லை. நம் ஊர்களில் ஒரு பிள்ளை இரண்டு கோடு போட்டவுடன் போட்டிக்கு அனுப்பி, கேடயம் வாங்கி, அலுமாரியில் வைத்துப் படம் எடுக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி அடுப்படி. எனக்கு இதில்தான் சொல்ல அதிகம் இருக்கிறது.

வேலைக்கென்று ஓர் இடம் வேண்டும் என்றால் உடனே ஜன்னலோர மேசை, செடி, அழகான விளக்கு என்று கற்பனை ஓடுகிறது. மாத்தளை மாவட்டத்து ஹபுவிட என்ற கிராமத்தின் அரக்கு வேலையைப் பார்த்தால் அந்தக் கற்பனை கலைந்துவிடும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்திய காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் பதிவான கைவினைகளில் இதுவும் ஒன்று. தேவையானது ஒரு கரியடுப்பு, வண்ணம் ஏற்றிய அரக்கு, கடைந்த மரம், கைவிரல் நகம். அரக்கைத் தணலில் காட்டி இளக வைத்து, இழுத்து நூலாக்குகிறார்கள். அந்தச் சிவப்போ மஞ்சளோ நூலை மரத்தின் மேல் பதித்து, பெருவிரல் நகத்தால் அழுத்தி, அதே நகத்தால் வெட்டி விடுகிறார்கள். ஆறுவதற்குள் அடுத்த வளைவு விழுந்தாக வேண்டும். தணல், அரக்கு, மரம் மூன்றும் கை எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் நூல் இறுகிப்போகும். இடத்தின் அளவும் ஒழுங்கும் அரக்கு ஆறும் வேகத்திலிருந்து வந்தவை. யாரும் அலங்காரத்துக்காக அமைத்ததில்லை.

மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் இன்னொரு வகை. ‘பத்திக்’ எனப்படும் மெழுகுச் சாயத் துணிக் கலைஞர் ஈனா டி சில்வா (1922–2015) கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிக்கொடுத்த, முற்றங்கள் வைத்த வீட்டில் இருந்தவர். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து விதானத்தைப் பத்திக் துணியால் நிறைத்தவர். 1980களில் தந்தை வழி ஊரான அலுவிகாரைக்கு வந்து, ஊர்ப் பெண்களோடும் ஆண்களோடும் பத்திக், தையல், மரவேலை, பித்தளை வார்ப்பு எல்லாவற்றையும் அக்கம்பக்கமாக நடத்தினார். அதே வளவில் குசினியும் இருந்தது, விருந்தினருக்குச் சோறும் பல வகைக் கறிகளும் சமைத்தார்கள். தம்புள்ளைப் பக்கம் தியபுபுலவில் குளத்தையும் காட்டையும் சுற்றிலும் வைத்துக்கொண்டு வரைந்தும் சிற்பம் செய்தும் வாழ்ந்த லக்கி சேனாநாயக்க (1937–2021) ஈனாவின் பழைய கூட்டாளி. 1979இல் வந்த, பூவும் பறவையும் விலங்கும் நிறைந்த இலங்கை ரூபாய் நோட்டுகளின் வடிவமைப்பு லக்கியுடையது.

இந்த இடங்களில் நான் பொதுவாகக் காண்பது, பாதியில் நிற்கும் வேலை கண்ணுக்கு எட்டும் இடத்தில் கிடப்பது. மெழுகு பூசி இன்னும் சாயத்தில் முக்காத துணி, கடைந்து அரக்கு ஏறாத மரம். வீட்டில் மாவுப் பாத்திரத்தைக் காலி செய்யும்போது ஒரு கரண்டி பழைய மாவை வழித்து வைத்துக்கொள்கிறோமே, அதே காரியம். அடுத்த அரைப்பில் அதைச் சேர்த்தால் மாவு வெறுமையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நுரைக்கத் தெரிந்த உயிர்கள் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன. வேலை செய்யும் மேசையைத் தினமும் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, மறுநாள் ஏன் ஒன்றும் ஓடவில்லை என்று கேட்பவர்கள் அந்தக் கரண்டி மாவையும் கழுவி ஊற்றிவிட்டவர்கள்.

இன்னொன்று, அந்த இடத்தை அடுக்கியது யார் என்பது. எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனைகளில் வெறுமையான அறை, பிறர் அழகுபடுத்தித் தந்த அறை, தானே அடுக்கிக்கொண்ட அறை மூன்றையும் ஒப்பிட்டார்கள். தானே அடுக்கியவர்களின் வேலைதான் சிறந்திருந்தது. நான்காவதாக ஒரு குழு. அவர்களை அடுக்கவிட்டு, பிறகு சோதனை நடத்துபவர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். கிடைத்த பலன் அதோடு போயிற்று. மாமியார் வந்து மசாலா டப்பாக்களை இடம் மாற்றி வைத்த குசினியில் சமைத்த எந்த மருமகளுக்கும் இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

லக்கலவைப் பற்றி யோசிக்கும்போது இது வேறு கனத்தோடு வருகிறது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரமும் சுற்றுக் கிராமங்களும் இடம்பெயர்ந்தன. 2018இல் அணையில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள்; மக்களுக்குப் புதிய நகரமும் உருவாயிற்று. வீதி, பாடசாலை, கட்டிடம் எல்லாம் திட்டப் படத்தில் வரும். பின்வாசலில் பாய் பின்ன உட்கார்ந்த இடம், அம்மிக்குப் பக்கத்தில் காற்று வரும் மூலை, உலக்கையைச் சாத்திவைத்த சுவர் எதுவும் எந்தத் திட்டப் படத்திலும் வராது. அவற்றைத் தாங்களே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும் உரிமையையும் அவகாசத்தையும் விட்டுவைப்பதுதான் நல்ல திட்டம். புது வீட்டில் முதல் நாளே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தித் தந்துவிடுவது அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்வது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் இருப்பவர் ‘இடம் எங்கே ஐயா’ என்று கேட்பார், நியாயமான கேள்வி. ஒரு காம்பராவில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் தனி மேசை பேச்சுக்கே இல்லை. ஆனால் நம் வீடுகளில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் பிஸ்கட் இருந்ததில்லை. ஊசி, நூற்கண்டு, பொத்தான், பாதி தைத்த குழந்தைச் சட்டை. அதுவே முழுமையான வேலைத்தலம். மூடினால் தட்டுக்கு மேல், திறந்தால் விட்ட தையலில் ஊசி குத்தியபடி இருக்கும். வேறு யாரும் அதற்குள் கை வைக்கக் கூடாது என்பது வீட்டில் எழுதாத சட்டம். எழுதுகிறவருக்கு ஒரு கொப்பி, பாடுகிறவருக்குக் கைப்பேசியின் ஒலிப்பதிவு அந்த டின்னுக்குச் சமம்.

ஒப்பீடு ஓரிடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்ப மாவு அப்பமாகத்தான் ஆகும். யோசனை என்னவாக ஆகும் என்று ஊறப்போடும்போது தெரியாது. மாவு இரண்டு நாளில் கெட்டுவிடும். சில யோசனைகள் பத்து வருஷம் மூடிக் கிடந்தும் நன்றாகவே எழும்புகின்றன.

மாவு எழும்பவில்லை என்றால் குசினியில் என்ன பார்ப்போமோ அதையே இங்கும் பார்க்கலாம். ரிவஸ்டன் பக்கத்துக் குளிரில் மாவு எளிதில் பொங்காது, அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டும். அதுபோலத் தனியே குளிர்ந்து கிடக்கும் வேலையை அதே ஆர்வமுள்ள ஒருவரின் பக்கத்தில் கொண்டு போங்கள். ஊறாத அரிசி அரைபடாது; நோக்கம் தெளிவில்லை என்றால் பின்வாங்கி அதை ஒரு வரியில் எழுதுங்கள். அடிக்கடி மூடி திறக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் நான் அதிகம் காண்பது இதற்கு நேர் எதிரான கோளாறு. மாவு நன்றாக எழும்பி, தாண்டி, புளித்தும் போயிருக்கும். இன்னும் படிக்க வேண்டும், இன்னும் நல்ல தாள் வாங்க வேண்டும் என்று ஊற்றாமலே வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட மாவைக் கொட்ட வேண்டாம். கொஞ்சம் தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்து இன்றிரவே சுட்டுவிடுங்கள், முதல் அப்பம் சட்டியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தாலும் சரி, அதை யாருக்காவது தட்டில் வைத்துக் கொடுங்கள்.