கைக்கடிகாரத்தில் கீறல்: கடலூர் மணலும் சிதம்பரம் மாணிக்கமும்

மகனுக்கு வேலை கிடைக்கிறது. முதல் சம்பளத்தில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்குகிறான். அது நேரம் காட்டுகிறது. நடந்த அடிகளை எண்ணுகிறது. நாடித் துடிப்பைச் சொல்கிறது. போன் வந்தால் கையிலேயே அதிர்கிறது. வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்க்கிறார்கள்.

பத்தாம் நாள், அதன் கண்ணாடியில் ஒரு கோடு! மயிரிழை போன்ற கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அன்று முதல் அவன் கண்ணுக்கு அந்தக் கோடு மட்டுமே தெரிகிறது.

"எங்கேடா இடித்தாய்?" என்று அப்பா கேட்கிறார்.

"எங்கேயும் இடிக்கவில்லை, அப்பா!" என்கிறான் மகன்.

அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இடிக்காமலும் கீறல் விழும். அது எப்படி? விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய் வந்தால் போதும்.

உளி போன்ற மணல்

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையை "சில்வர் பீச்" என்று சொல்கிறார்கள். மாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து காற்று வாங்கும் இடம். குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாடுவார்கள்.

அந்த மணலில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கண்ணாடித் துகள் போல் மினுமினுக்கும் பரல்கள் தெரியும். அவை குவார்ட்ஸ் என்னும் கல்லின் துகள்கள். மலைப் பாறை வெயிலிலும் மழையிலும் சிதைகிறது. ஆற்றோடு உருண்டு கடலுக்கு வருகிறது. வழியில் மென்மையான கற்கள் தேய்ந்து மாவாகிவிடும். குவார்ட்ஸ் எளிதில் தேயாது. அவ்வளவு கெட்டியானது.

கடற்கரையில் இருந்து வருகிறோம். கடிகாரத்தில் மணல் ஒட்டியிருக்கிறது. வேட்டி முனையால் துடைக்கிறோம். துணி மென்மையானதுதான். ஆனால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு மணல் பரல் சிக்கிக்கொண்டால், அது உளியாக மாறிவிடுகிறது. துடைக்கத் துடைக்கக் கோடு விழுகிறது.

கடற்கரைக்கே போகாதவர்களும் தப்ப முடியாது. சாலைப் புழுதியிலும் வீட்டுத் தூசியிலும் இதே கல்லின் பொடி கலந்திருக்கிறது. இடிக்காமலே கீறல் விழுவதன் ரகசியம் இதுதான்.

பத்துப் படிகள்

எது எதைக் கீறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மன் அறிஞர் பிரெடரிக் மோஸ் என்பவர் 1812-ம் ஆண்டில் அதை வகுத்தார். கற்களைப் பத்துப் படிகளில் நிறுத்தினார். மேல் படியில் உள்ளது கீழ்ப் படியில் உள்ளதைக் கீறும். கீழே உள்ளது மேலே உள்ளதைக் கீறாது.

மிக மென்மையான மாக்கல் 1-ம் படி. வைரம் 10-ம் படி. நம் விரல் நகம் ஏறத்தாழ இரண்டரை. தங்கமும் கிட்டத்தட்ட அதே இடம்தான். சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. குவார்ட்ஸ் மணல் 7.

மணல் 7, கண்ணாடி ஐந்தரை. போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

ஸ்மார்ட் வாட்சுகள் பலவற்றில் பக்குவப்படுத்திய கெட்டிக் கண்ணாடி போடுகிறார்கள். அது கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் மணலை அதனாலும் முழுவதும் எதிர்த்து நிற்க முடியாது.

சிதம்பரத்தில் இருக்கும் விடை

மணலை ஜெயிக்கும் கண்ணாடி எது? அதைத் தெரிந்துகொள்ளச் சிதம்பரத்துக்குப் போவோம்.

நடராசர் கோவிலில் ஸ்படிக லிங்கம் ஒன்று இருக்கிறது. நாள்தோறும் அதற்கு அபிஷேகம் நடக்கிறது. ரத்தின சபாபதி என்று போற்றப்படும் மாணிக்க நடராசர் திருமேனியும் இருக்கிறது. அதன் பின்புறம் கற்பூர ஒளி காட்டும்போது செந்நிறமாகச் சுடர்வதைப் பக்தர்கள் கண்குளிரக் காண்பார்கள்.

ஸ்படிகம் என்பது என்ன? தூய குவார்ட்ஸ்தான்! கடலூர் மணலும் ஸ்படிகமும் ஒரே இனம். ஒன்று பொடியாகக் கிடக்கிறது. மற்றது குறையில்லாத முழுக் கல்லாக இருக்கிறது. இரண்டும் 7-ம் படிதான்.

மாணிக்கம் அதற்கும் மேலே, 9-ம் படி. நீலக்கல்லும் அதே 9-ம் படி. மாணிக்கமும் நீலக்கல்லும் உண்மையில் ஒரே பொருள். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து இறுகிய கல். அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, மாணிக்கம் ஆகிறது. துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல் ஆகிறது. எதுவும் கலக்காவிட்டால் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும்.

அந்தத் தெளிந்த கல்லை உலையில் வளர்த்து, தகடாக அறுத்து, கடிகாரத்துக்குப் போடுகிறார்கள். "சபையர் கண்ணாடி" என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். சபையர் என்றால் நீலக்கல்.

இந்த உறவு புதியது அல்ல. தாத்தாவின் பழைய கடிகாரத்தில் "17 ஜூவல்ஸ்" என்று எழுதியிருக்கும். பல்சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல, உள்ளே சின்னஞ்சிறு மாணிக்கக் கற்களைப் பதித்திருப்பார்கள். அவை உலையில் செய்த மாணிக்கங்கள். பிரான்சு நாட்டு வெர்னியூல் என்பவர் 1902-ல் அந்த முறையை வெளியிட்டார். தாத்தா காலத்தில் மாணிக்கம் கடிகாரத்துக்குள்ளே இருந்தது. பேரன் காலத்தில் அதன் இனத்துக் கல் வெளியே வந்து கண்ணாடி ஆகிவிட்டது!

கெட்டி வேறு, உறுதி வேறு

அப்படியானால் அதிக விலை கொடுத்துச் சபையர் கண்ணாடி வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? தீராது.

கற்கண்டைப் பாருங்கள். கெட்டியாக இருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழாது. ஆனால் அம்மிக்கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் சிதறிவிடுகிறது. ஈயத்துண்டைத் தட்டினால் நசுங்குமே தவிரச் சிதறாது.

கீறலைத் தாங்குவது ஒரு குணம். அடியைத் தாங்குவது வேறொரு குணம். கீறலை நன்றாகத் தாங்கும் சபையர், சிமெண்டுத் தரையில் ஓரம் பட விழுந்தால் விரிசல் விடலாம். எளிதில் கீறல் படும் பக்குவக் கண்ணாடி, அதே அடியில் பிழைத்துக்கொள்ளலாம்.

எந்த உறை நல்லது?

கண்ணாடியைச் சுற்றியுள்ள உறையும் பல வகை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் சமையலறையிலேயே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

பிளாஸ்டிக்: எடை இல்லை. விலை குறைவு. கீறல் சீக்கிரம் விழும். ஆனால் பொருளே அந்த நிறம் என்பதால் பல்லை இளிக்காது.

அலுமினியம்: கறுப்பு நிற அலுமினிய வாணலியைப் பார்த்திருப்பீர்கள். மேலே கெட்டியான மெல்லிய பூச்சு. உள்ளே மென்மையான உலோகம். கடிகார உறையும் அப்படித்தான். பூச்சு இருக்கும் வரை நன்றாக உழைக்கும். ஆழமாகக் கீறினால் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். அதைத் தேய்த்துச் சரி செய்ய முடியாது. ஆனால் எடை மிகக் குறைவு. ஓடுகிறவர்களுக்கும் தூங்கும்போது கட்டிக்கொள்கிறவர்களுக்கும் ஏற்றது.

எவர்சில்வர்: புதுக் குடம் முகம் தெரியும்படி மின்னும். ஒரு மாதம் துலக்கினால் நுண்ணிய கோடுகள் விழும். அதற்காக யாராவது குடத்தைத் தூக்கி எறிகிறோமா? எவர்சில்வர் உறையில் கோடு தெரிந்தாலும் பாலிஷ் போட்டு மறைக்கலாம். மேலே கறுப்புப் பூச்சு இருந்தால் மட்டும் அது முடியாது. எடை அதிகம். இதில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் நகை போட்டால் அரிப்பு எடுக்கும் உடம்புக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

டைட்டானியம்: இது சமையலறைக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும். எலும்பு முறிந்தால் உள்ளே வைக்கும் தகடுகளை இதில் செய்கிறார்கள். உடம்புக்கு ஒத்துப்போகும். எவர்சில்வரைவிட எடை மிகக் குறைவு. உப்பு நீருக்கு அஞ்சாது. கீறல் விழத்தான் செய்யும். ஆனால் மங்கலான சாம்பல் நிறம் என்பதால் கோடுகள் கண்ணை உறுத்தாது. ஒரு வேடிக்கை! கடிகாரத்துக்கு மணல் எதிரி. ஆனால் டைட்டானியம் பிறப்பதே மணலில்தான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட், டைட்டானியத்தின் தாது.

பீங்கான்: காப்பிக் கோப்பையைவிடப் பல மடங்கு உறுதியான பீங்கான் இது. மணல் இதைக் கீறாது. ஆனால் பலத்த அடி பட்டால் உடையும்.

ஆக, எல்லாக் குணமும் உள்ள உறை ஒன்றுகூட இல்லை. உங்கள் வேலை என்ன என்று பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அலுமினியமே போதும். துறைமுகத்திலும் பட்டறையிலும் வேலை செய்கிறவருக்கு, வசதி இருந்தால் டைட்டானியம் நல்லது. வசதி இல்லாவிட்டால் விலை குறைந்த கடிகாரமும் அதற்கு ஒரு ரப்பர் காப்பும் போதும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காகக் கடன் வாங்கி உறைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தங்கக் கடிகாரத்தின் கதை

2015-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி தன் முதல் ஸ்மார்ட் வாட்சை வெளியிட்டது. அதில் 18 காரட் தங்க உறை போட்ட வகையும் இருந்தது. அமெரிக்காவில் அதன் ஆரம்ப விலையே 10,000 டாலர்.

தங்கம் துருப்பிடிக்காது. நூறு ஆண்டு ஆனாலும் தங்கம் தங்கம்தான். ஆனால் உள்ளே இருந்த மூளைக்கு வயதாகிவிட்டது. 2018-ல் வந்த புதிய மென்பொருள் அந்தக் கடிகாரத்தில் ஏறவில்லை. மூன்றே ஆண்டு! 10,000 டாலர் கடிகாரத்துக்கும், அதே ஆண்டில் விற்ற சாதாரண அலுமினியக் கடிகாரத்துக்கும் ஒரே கதிதான்.

தாத்தாவின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் ஐம்பது ஆண்டு ஓடும். ஸ்மார்ட் வாட்ச் அப்படி அல்ல. சில ஆண்டுகளில் பேட்டரி தளரும், மென்பொருள் பழசாகும். பெரும்பாலும் உறை தேய்வதற்கு முன்பே உள்ளிருப்பது ஓய்ந்துவிடும். பிறகு கீறலுக்காக ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

கீறலா, விரிசலா?

கீறல் அழகைக் கெடுக்கும். பழைய கடிகாரமாக விற்கும்போது விலையும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். வேலை கெடாது.

விரிசல் அப்படி அல்ல. அதன் வழியாகத் தண்ணீரும் வியர்வையும் உள்ளே இறங்கும். உள்ளே போன தண்ணீர் கடிகாரத்தையே கொன்றுவிடும். கண்ணாடிச் சில்லு விரலையும் கிழிக்கும். ஆகவே கீறலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விரிசலை ஒரு நாளும் பொறுக்காதீர்கள். விரிசல் கண்ட கடிகாரத்தைத் தண்ணீரில் நனைக்காமல், உடனே பழுது பார்க்கக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. மணல் பட்டால் துடைக்காதீர்கள். தண்ணீர் தாங்கும் கடிகாரம் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

2. கடலில் குளித்தால் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

3. ரப்பர் காப்புப் போட்டிருந்தால் வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். அதன் உள்ளே தங்கும் மணலே உறையை அரித்துவிடும்.

4. நகைப் பெட்டியில் கடிகாரத்தை வைக்காதீர்கள். அம்மாவின் வைர மூக்குத்தி 10-ம் படி. 9-ம் படிச் சபையரையும் அது கீறிவிடும்.

5. கோவில் கல்தூணில் கையை உரசாதீர்கள். கருங்கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன் எந்த உலோக உறையும் நிற்காது.

6. பற்பசை, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் கண்ணாடிக்கு அந்த வைத்தியம் பலித்தது. இன்றையக் கண்ணாடியில் கைரேகை படியாமல் இருக்கப் பூசிய பூச்சுதான் அதனால் போகும்.

7. மனம் கேட்காவிட்டால், வாங்கிய அன்றே மேலே ஒரு கண்ணாடி ஒட்டு ஒட்டிவிடுங்கள். கீறல் விழுந்தால் ஒட்டை மாற்றலாம்.

21,600 ஓடுகள்

சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்று மரபாகச் சொல்வார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு அது என்பார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று பெருக்கிப் பாருங்கள். 21,600 சரியாக வரும்!

இன்று கையில் கட்டிய கடிகாரங்கள் பல, நாம் தூங்கும்போது நம் மூச்சை எண்ணுகின்றன. இதயம் துடிப்பதையும் எண்ணுகின்றன. "இன்று நீ நடக்கவில்லையே, எழுந்து நட" என்று சொல்கின்றன. வாங்கியது அதற்காகத்தான்.

கண்ணாடியில் ஒரு கோடு விழுந்துவிட்டதா? விழுந்துவிட்டுப் போகட்டும். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள்!