பரணில் கிடக்கும் சதுர நெகட்டிவ்கள்

காரைக்கால் பகுதியின் நெரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கல்யாணமானவர்களின் வீட்டுப் பரணில், பழைய தகரப் பெட்டியிலோ மக்கிய காகித உறையிலோ, கறுப்பு வெள்ளைச் சதுர நெகட்டிவ்கள் சில இன்றும் கிடக்குமானால், அவற்றைக் குப்பையோடு சேர்த்து எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே என் முதல் விண்ணப்பம். "ஆல்பத்தில் இருப்பதைத்தான் கைப்பேசியில் பிடித்து வைத்தாயிற்றே, இனி இது எதற்கு?" என்று கேட்கும் இளைஞர்களுக்கு, அது எத்தகைய வஸ்து என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1901-இல் கோடாக் கம்பெனி தன் பிரவுனி கேமரா ஒன்றுக்காக வெளியிட்ட 120 என்னும் ரோல் பிலிம் இன்றளவும் தயாராகி வருகிறது. ஸ்டூடியோக்காரர்கள் போற்றிய ரோலிபிளெக்ஸும் யாஷிகாவும், நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டிய ஆக்ஃபா கிளிக் 3-உம் இந்த பிலிமையே உண்டு வாழ்ந்தன. உதகையில் 1960-இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமை நம் நாட்டிலேயே செய்து தந்தது. ரோலுக்கு 12 சதுரப் படங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிலிமில் விழும் 24-க்கு 36 என்ற சட்டத்தைவிட இதன் பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். இன்று மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் என்று விற்கப்படும் ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் கேமராவின் சென்சார்கூட ஏறத்தாழ 44-க்கு 33 மில்லிமீட்டர்தான். பழைய சதுர நெகட்டிவில் பாதியும் தேறாது. பெரிய நெகட்டிவைக் குறைவாகவே பெருக்க வேண்டியிருப்பதால் பிலிமின் துகள்கள் கண்ணை உறுத்துவதில்லை. நெகட்டிவைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மணமகளின் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும், ரீடச்சிங் செய்தவர் கூரிய பென்சிலால் இட்ட மெல்லிய கோடுகள் பளபளக்கக்கூடும்.

கடற்கரையோர நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரைப் படம் எடுப்பதே பிலிம், டிஜிட்டல் இரண்டுக்கும் தக்க பரீட்சை. வெளிச்சம் ஏற ஏற நெகட்டிவ் மெல்ல மெல்லக் கறுக்கிறதேயன்றிச் சட்டென்று நிரம்பிவிடுவதில்லையாதலால், வேட்டியின் மடிப்புகள் அதில் தங்கிவிடுகின்றன. சென்சாரோ ஓர் எல்லையைக் கடந்ததும் எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கிவிடும். நிழலில் நிலைமை மாறுகிறது. திண்ணையின் உள்ளிருட்டை டிஜிட்டல் மீட்டுத் தரும். ஒளி போதாத இடத்தில் நெகட்டிவ் வெறுமையாகவே நிற்கும். காரைக்கால் மாங்கனித் திருவிழாவின் நெரிசலில் 12 படம் முடிந்து ரோல் மாற்றத் திண்டாடுவோருக்கு டிஜிட்டல் ஒரு வரப்பிரசாதம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பிலிமில் ஏற்கெனவே பதிந்துவிட்டதைக் கணினிக்குக் கொண்டுவருவதுதான் இன்று நம்முன் உள்ள காரியம். ஆல்பத்துப் பிரிண்டைக் கைப்பேசியில் பிடிப்பது பிரதியின் பிரதியே. நெகட்டிவில் உள்ள ஒளிநிழல் பேதங்கள் முழுவதையும் காகிதம் ஏற்பதில்லை. தாள்களை நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனரும் உதவாது. நெகட்டிவுக்குப் பின்னிருந்து ஒளி ஊடுருவ வேண்டும். அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் சதுர நெகட்டிவ் ஒன்று சுமார் 2 கோடியே 80 லட்சம் புள்ளிகளாக விரியும். சுவர் அளவுக்குப் பெரிதாக்காத குடும்பங்களுக்கு இது போதும். ஸ்கேனர்ப் பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். தூசியைத் தானே அகற்றும் அகச்சிவப்பு வசதியும் வண்ண பிலிமுக்குத்தான். கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகள் அக்கதிரையே மறித்துவிடுகிறது. ஆகையால் புள்ளி புள்ளியாகக் கையால் திருத்தும் பொறுமையுள்ளவரைத் தேடிக் கொடுப்பதே உசிதம். ஒளிப்பலகைமேல் நெகட்டிவை வைத்து மேக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் கேமராவால் பிடிப்பதும் நல்ல வழி. பிலிமும் டிஜிட்டலும் இங்கே போட்டியை விட்டு ஒன்றுக்கொன்று உதவுகின்றன.

1955-இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களின் படங்களைப் பேணிவருவதோடு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களையும் தேடி டிஜிட்டல் பிரதிகளாக்கியது. சாமானியக் குடும்பங்களின் முகங்களுக்கும் சரித்திர மதிப்பு உண்டென்று அந்த அறிஞர்கள் கண்டது பெரிய காரியம். எனினும் எந்த ஸ்தாபனமும் நம் வீட்டுப் பரண்வரை வந்துகொண்டிருக்க முடியாது.

நம் கரையோர ஈரக்காற்று பிலிமுக்குப் பரம சத்துரு. ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை படரும். அசிடேட் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் சுருங்கி நெளியும். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது; பிளாஸ்டிக் பையை நீக்கி, அமிலமற்ற காகித உறையில் தனித்தனியே இட்டு, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி எந்த நெகட்டிவிலிருந்து வருகிறதோ அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதையே ஸ்கேனுக்குக் கொடுங்கள். அந்த அமில ஆவி பக்கத்திலுள்ள நெகட்டிவ்களையும் கெடுக்கும்.