வீடு பார்க்க வந்தவர் யாருடைய ஆள்?

பல்லடம் பக்கத்தில் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்பு ஒருவர் பழைய வீட்டை விலை பேசப் போனால், கூடவே ஒரு மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போவார். மேஸ்திரி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. பனங்கையைத் தடியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வந்தால் நகர்ந்துவிடுவார். மொத்தென்று வந்தால் கத்தி முனையால் குத்திப் பார்ப்பார். வாசக்கால் வேம்பா, தேக்கா என்று நகத்தால் கீறுவார். தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் சுவரைத் தேய்த்து, கையில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. உப்புக் கரித்தால் சுவர் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். கடைசியாகக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா என்று ஒரு சோதனை.

வாசலுக்கு வந்த பிறகுதான் கேள்வி.

"ஏனுங் மேஸ்திரி, தேறுமுங்களா?"

"சொவுத்துக்கு ஒண்ணுமில்லீங். மேல செல்லு ஏறியிருக்குது. கைமரத்துல பாதி மாத்தோணுங்."

விலை அங்கேயே இறங்கிவிடும். மேஸ்திரிக்குக் கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு, வெற்றிலை பாக்கு, கையில் கொஞ்சம் செலவுக் காசு. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆனாலும் அவர் வார்த்தை செல்லுபடியானதற்குக் காரணம் அவருடைய தொழில்நுட்பம் மட்டுமல்ல. அவர் சொன்னது பொய்யானால் அடுத்த வருஷம் அந்த ஊரில் யாரும் அவரைக் களம் பூசக்கூடக் கூப்பிட மாட்டார்கள். தினமும் முகத்தில் விழிக்க வேண்டிய ஆள் என்பதே அவருடைய உரிமம்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தைத் தூக்கி வைத்துப் பேசும் ஆசை வந்துவிடுகிறது. அதற்கு இடம் கொடுப்பதற்கில்லை. அந்த மேஸ்திரி எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சொந்தபந்தமும் தோட்டமும் இருந்தவர்களுக்குத்தான் அவர் கிடைத்தார். ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு வாங்க வீடும் இல்லை, பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. விற்கிறவரும் அவருக்கு வேலை கொடுக்கிற பண்ணாடியாக இருந்துவிட்டால், "பாத்துக்கலாமுங்" என்று ஒரு பதில் வரும். இரண்டு தரப்பும் தத்தம் விருப்பப்படி பொருள் கொள்ளலாம்.

அன்றைக்கு வீடுகள் கைமாறியதே குறைவு. கட்டிக்கொள்வார்கள், பாகம் பிரிப்பார்கள். முன்பின் தெரியாதவரிடம் கட்டிய வீட்டை வாங்குவது அபூர்வம். அதை மாற்றியது திருப்பூர். பனியன் ஏற்றுமதி பெருகி, பல்லடத்தில் விசைத்தறிக் குடோன்களும் கோழிப் பண்ணைகளும் பெருகி, தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் லைன் வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு நகர ஆரம்பித்தார்கள். சோளக்காடுகள் சைட் ஆயின. 2009-இல் திருப்பூர் தனி மாவட்டமாகி, பல்லடம் கோவையை விட்டு அதற்குள் போனது. இன்று மூன்று சென்ட், நாலு சென்ட் இடத்தில் கட்டி, வண்ணம் அடித்து, வாசலில் தோரணத்தோடு விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு விற்கிறவரைத் தெரியாது. கட்டிய கொத்தனார் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் இன்று வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வாஸ்து பார்ப்பவர் வருகிறார். வக்கீல் மூலப்பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை படித்து லீகல் ஒப்பினியன் தருகிறார். வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் வந்து அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்துப் போகிறார். பில்டரின் இன்ஜினியர் கூடவே நின்று விளக்குகிறார். தரகர் சாவியோடு நிற்கிறார். இத்தனை பேர் வந்து போனதைப் பார்த்து, வீட்டை யாரோ பரிசோதித்துவிட்டார்கள் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. வக்கீல் பார்த்தது காகிதம். தரகருக்குப் பத்திரம் பதிவானால்தான் கமிஷன்.

மதிப்பீட்டாளர் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "பேங்க்காரனே பார்த்து லோன் குடுத்துட்டான், அப்புறம் என்ன?" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. அவர் பார்த்தது, கடன் நின்றுபோனால் இந்த வீட்டை விற்று வங்கி தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதை. குளியலறைக்குப் பின்சுவரில் ஈரம் கசிவது அவர் கேட்ட கேள்வியே அல்ல. அவருக்கான கட்டணத்தைக் கொடுப்பது நீங்கள். அறிக்கை போவது வங்கிக்கு. பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மேஸ்திரியின் கண்ணுக்குத் தெரிந்த வீடும் இன்றைய வீடும் ஒன்றல்ல என்பது இன்னொரு சிக்கல். ஓட்டு வீட்டில் மரமும் ஓடும் சுவரும் வெளியே தெரியும். தார்சு வீட்டில் கம்பி கான்கிரீட்டுக்குள், குழாய் சுவருக்குள், ஒயர் பைப்புக்குள். அதற்கு மேல் பட்டி, அதற்கு மேல் பெயின்ட். காவிரி மணல் போய் எம்-சாண்ட் வந்தது. நல்ல எம்-சாண்ட் நல்ல பொருள்தான். கிரஷர் தூளை அந்தப் பெயரில் இறக்கினால் பூச்சு விரலோடு வரும். 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில், மக்கள் தொட்டதும் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. குடியேறிய பிறகுதான் சென்னை ஐஐடியை அழைத்துத் தரத்தை ஆராயச் சொன்னார்கள். அதே வருஷம் கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகளும் மூடப்பட்டன. எந்த ஊர்ச் செங்கல், எந்த பிளாக் என்று இப்போது சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மண்ணும் இருக்கிறது. பல்லடம் வட்டாரத்தில் செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வரும். ஒரே லேஅவுட்டில் முன் வரிசை செம்மண், பின் வரிசை கரிசல் என்று இருப்பதுண்டு. கரிசல் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் அதைத் தாண்டிக் கெட்டி மண்ணில் உட்காராவிட்டால், கதவு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். நமக்குப் பெருமழை ஐப்பசியில். சித்திரையில் வீடு பார்த்தால் எந்தக் கூரையும் ஒழுகாது. புதிதாகப் பட்டி பார்த்த பழைய வீட்டைச் சித்திரையில் காட்டுகிறார்கள் என்றால், விற்கிறவருக்கு அவசரமா, சுவருக்கு அவசரமா என்று கேட்க வேண்டும்.

வேறு ஊர் அறிக்கைகளில் வராத சில இனங்களும் இங்கே உண்டு. பக்கத்துக் குடோனில் தறி ஓடும்போது வீட்டுத் தரை அதிர்கிறதா? வீடு பார்க்க எல்லாருக்கும் வசதியான ஞாயிற்றுக்கிழமையில்தான் பல குடோன்களில் தறி நிற்கும். வாங்க நினைப்பவர் புதன்கிழமை ராத்திரி ஒருமுறை போய் நிற்க வேண்டும். காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கமானால் கல்குவாரி வெடியின் அதிர்வைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். கறிக்கோழியின் பண்ணை விலையைப் பேசி முடிக்கிற ஊர் இது. கோழிப்பண்ணை எந்தத் திசையில் இருக்கிறது, ஆடிக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதைச் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தால் ஈ சொல்லிவிடும். போர் ஆயிரம் அடி தாண்டுவது இங்கே புதுமையல்ல. எத்தனை அடி என்பதைவிட, கோடையில் எவ்வளவு நேரம் இறைக்கிறது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதே கேள்வி. சோப்பு நுரைத்த இடத்துக்கு டிடிஎஸ் மீட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றும் இன்றும் மாறாதது ஒன்று உண்டு. அது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவுப்படி, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும். எந்தக் குறையை? வாங்குபவருக்குத் தெரியாத, அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையை. அதாவது கவனித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற குறை உங்கள் தலையில். மாடிக்கே ஏறிப் பார்க்காமல் வாங்கியவருக்குச் சட்டம் பெரிதாக ஆறுதல் தராது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து வருஷம் பில்டரைப் பொறுப்பாக்கியது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் பன்னிரண்டரை சென்ட்டுக்கு உட்பட்ட சிறு வேலைகளுக்கு அதில் பதிவு கட்டாயமில்லை. பல்லடத்தில் நாலு சென்ட்டில் தனியாகக் கட்டி விற்கும் வீடுகள் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியே.

அமெரிக்காவில் வீட்டுப் பரிசோதகர் என்பது தனித் தொழில். அவர்களுடைய தேசியச் சங்கமே 1976-இல் தோன்றியது. தொழில் பெருகிய விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. 1984-இல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. சரியாக இறுக்காமல் நிரப்பிய மண்ணின்மேல் நின்ற வீடு, விற்ற பிறகு நிலம் சரிந்து பாழானது. தரகரும் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதன் பிறகு தரகர்களே, "நீங்களே ஒரு பரிசோதகரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வற்புறுத்த ஆரம்பித்தார்கள். பல நேரம் பெயரையும் அவர்களே சொன்னார்கள். தரகர் தயவில் வேலை கிடைக்கும் பரிசோதகர் வியாபாரத்தைக் கெடுக்கிற மாதிரி எழுதுவாரா என்ற சந்தேகம் அங்கே இன்றும் ஓயவில்லை. பழைய மேஸ்திரியின் "பாத்துக்கலாமுங்" கடல் தாண்டியும் இருக்கிறது.

கோவையிலிருந்து பல்லடம்வரை வந்து வீட்டைச் சோதித்துத் தருகிறவர்கள் இப்போது கிடைக்கிறார்கள். ஈரம் காட்டும் மீட்டர், வெப்பப் படக் கேமரா, கான்கிரீட்டில் அடித்துப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர் எல்லாம் கொண்டுவருகிறார்கள். இந்தத் தொழிலுக்கென்று இந்தியாவில் தனி உரிமம் கிடையாது. கேமரா வாங்கியவர் எல்லாரும் போர்டு மாட்டலாம். கேமரா காட்டுவது சுவர் மேற்பரப்பின் வெப்ப வித்தியாசத்தை. நீலமாகத் தெரிவதெல்லாம் கசிவல்ல. ஹேமர் சொல்வது கான்கிரீட் மேல்தோலின் கெட்டித்தன்மையை. உள்ளே கம்பி துருப்பிடித்ததை அது சொல்லாது. இதைத் தானாகவே சொல்கிற ஆளைத்தான் நான் நம்புவேன். கருவியைக் காட்டி மிரட்டுகிறவரைவிட, "இதை என்னால் பார்க்க முடியவில்லை" என்று அறிக்கையில் எழுதுகிறவர் மேல்.

கூப்பிடும்போதே சிலவற்றைக் கேட்டுவிடலாம். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயரை மறைத்துக் காட்டுவாரா? மாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஏறுவாரா, செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்வாரா? டிபி பாக்ஸைத் திறந்து எர்த் சரியா என்று சோதிப்பாரா? நாம் கூடவே சுற்றலாமா? கட்டணம் வீட்டு விலையில் சதவீதமா, வேலைக்கு இவ்வளவு என்பதா? எல்லாவற்றையும்விட முக்கியம், கண்டுபிடித்த கசிவைச் சரிசெய்யும் வேலையையும் அவரே எடுப்பாரா என்பது. நான் சொன்ன அமெரிக்கச் சங்கம், தான் சோதித்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் காசு வாங்கிப் பழுது பார்க்கக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு விதி வைத்திருக்கிறது. இங்கே விதி இல்லாததால் நாம்தான் கேட்க வேண்டும். வாட்டர் புரூஃபிங் விற்கிறவர் இலவசமாகச் சோதித்துத் தந்தால், எந்த வீட்டிலும் ஈரம் தென்படும். தரகர் சொன்ன பெயர், பில்டர் சொன்ன பெயர் இரண்டையும் நன்றி சொல்லி ஒதுக்கிவிடலாம்.

செலவைக் கேட்டுத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 50 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு 4.5 லட்சம் முணுமுணுக்காமல் கட்டுகிறோம். வாஸ்துக்காக மாடிப்படியையே இடித்துத் திருப்புகிறோம். சுவரைப் பார்ப்பதற்குச் சில ஆயிரங்கள் என்றால் மட்டும், "நம்ம மச்சான் சிவில் படிச்சவன்தானுங்" என்று ஞாபகம் வருகிறது. மச்சான் வரட்டும், தவறில்லை. சொந்தக்காரர் என்பதால் காபி குடித்துவிட்டு ஹாலோடு திரும்பிவிடாமல், மாடி ஏறுகிறாரா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது கூப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அட்வான்ஸ் கொடுத்து, லோன் வந்து, பத்திரத் தேதியும் குறித்த பிறகு அழைத்தால், எவ்வளவு நல்ல பரிசோதகரும் மனக்கஷ்டத்தைத்தான் தந்துவிட்டுப் போவார். கிரய ஒப்பந்தம் எழுதும்போதே, வாங்குபவர் தன் இன்ஜினியரை வைத்து இத்தனை நாளுக்குள் சோதிப்பார், பெரிய குறை இருந்தால் விற்பவர் சரிசெய்து தருவார் அல்லது விலையைக் குறைப்பார், இரண்டும் ஆகாவிட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்ல வேண்டும். "அப்பிடியெல்லாம் எழுதற பழக்கம் நம்மூர்ல இல்லீங்களே" என்று பத்திர எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார். விற்பவர் முகமும் மாறும். எழுத ஒத்துக்கொண்டால் அவர்மேல் நம்பிக்கை கூடுகிறது. கடைசிவரை மறுத்தால், பரிசோதகர் வருவதற்கு முன்பே வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.