பாஸ் போடும் கம்பெனியை அடையாளம் காண்பது

சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பொறியாளருக்கு வேலை அனுமதிப் பாஸ் போட்டுக் கொடுக்கும் கம்பெனிகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்? மலேசியாவில், கெடாவின் யானிலும் குவார் செம்படாக்கிலும் படித்து முடித்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அங்கே முறையாகப் பதிவு செய்து நடக்கும் எந்தக் கம்பெனியும் விண்ணப்பம் போடலாம். அதற்கென்று தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் போட்ட விண்ணப்பம் தேறுமா என்பது உங்கள் சான்றிதழோடு முடிகிற விஷயமில்லை. அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே யார் யார் வேலை செய்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. நம்மவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

பட்டதாரிப் பொறியாளருக்கு உரியது எம்ப்ளாய்மெண்ட் பாஸ். 2025 ஜனவரி முதல் அதற்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி. வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700 வெள்ளி ஆகிறது. நிதித் துறைக்கு வரம்பு இன்னும் அதிகம். நிதித் துறைக்குப் போகாத பொறியாளருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த எண்கள் அவ்வப்போது உயர்த்தப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பள வரம்பைத் தாண்டிய பிறகு ‘காம்பஸ்’ என்ற புள்ளிக் கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தேற 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி, கம்பெனியில் எத்தனை நாட்டவர் கலந்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று நான்கு அடிப்படை அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 20, 10 அல்லது பூஜ்யம். முதல் இரண்டும் உங்களுடையவை. பின் இரண்டும் கம்பெனியுடையவை. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவற்றை மாற்ற முடியாது.

மூன்றாவது அளவுகோல் மலேசியர்களுக்கு ஒரு வேடிக்கையான தடையாக வந்து நிற்கிறது. கம்பெனியின் நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் ஆகியோரில் உங்கள் நாட்டவர் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் 20 புள்ளி. 25 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் 10. 25 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றுமில்லை. மாமா மகன் வேலை செய்கிறான், அண்ணனின் கூட்டாளி இருக்கிறான் என்று நாம் வழக்கமாக விண்ணப்பம் அனுப்புவது எங்கே? மலேசியர்கள் குவிந்திருக்கும் கம்பெனிக்குத்தான். பரிந்துரைக்கு அது நல்ல இடம். புள்ளிக்கு அதுவே மோசமான இடம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்ப் பட்டதாரி ஒருவர்; அங்கீகாரம் பெற்ற சாதாரணப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 10 புள்ளி. (உலக அளவில் முன்னணிப் பல்கலைக்கழகம் என்றால் 20.) சம்பளம் அந்தத் துறையில், அந்த வயதில் உள்ளூர்க்காரர் வாங்குவதோடு ஒப்பிட்டு நூறு பேரில் 65 பேரைவிட மேலே இருந்தால் இன்னொரு 10. மலேசியர்கள் நிறைந்த கம்பெனியில் மூன்றாவதற்குப் பூஜ்யம். நான்காவதில் முழு 20 கிடைத்தால்தான் 40 சேரும். அதே ஆள், அதே சம்பளத்தில், மேற்சொன்ன வகை ஊழியர்கள் 25 பேருக்குக் குறைவாக உள்ள சின்னக் கம்பெனிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கம்பெனிக்கு மூன்றாவதிலும் நான்காவதிலும் தலா 10 தானாகவே கிடைக்கிறது. பத்து நாலு நாற்பது, தேறிவிட்டார். பெரிய பெயர் பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் சின்னக் கம்பெனியால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடிய வேண்டும், அங்கேதான் பல நேரம் இடிக்கும்.

டிப்ளோமாக்காரர்களுக்கு எஸ் பாஸ். 2025 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. இங்கே புள்ளி இல்லை, கோட்டா உண்டு: உற்பத்தி, கட்டுமானத் துறைகளில் மொத்த ஊழியர்களில் 15 விழுக்காடு, சேவைத் துறையில் 10. ஒவ்வொரு எஸ் பாஸுக்கும் முதலாளி மாதம் 650 வெள்ளி தீர்வை கட்டுகிறார்; அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அதனால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால், ‘எஸ் பாஸ் கோட்டா இருக்கிறதா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவருக்குப் பதில் கையிலேயே இருக்கும். கேட்பதற்குக் கூச்சப்பட்டு இரண்டு சுற்றுத் தேர்வு எழுதிய பிறகு ‘கோட்டா நிறைந்துவிட்டது’ என்று கேட்பதைவிட இது மேல்.

விளம்பரத்தைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்த இரண்டு பாஸுக்கும் விண்ணப்பிக்கும் முன், பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனி போன்ற சில விலக்குகள் தவிர, முதலாளி அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். அந்த விளம்பரத்தில் சம்பள வரம்பு இருக்கும். மேல்வரம்பே 4,500 வெள்ளி என்றால் அது எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வேலை அல்ல. பட்டம் வைத்திருப்பவர் எஸ் பாஸில் போகத் தயாரா என்று யோசித்துக்கொள்ளலாம். வெறும் விளம்பரத்தை வைத்தே பாதி இடங்களைக் கழித்துவிட முடியும்.

ஏஜெண்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். உரிம எண்ணை மனிதவள அமைச்சின் தளத்தில் சரிபார்க்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியே பணம் கேட்டால் அது குற்றம். ‘இப்போதைக்குச் சுற்றுலாப் பயணியாக வந்து வேலையைத் தொடங்கு, பாஸ் பிறகு வரும்’ என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள். பாஸ் இல்லாமல் செய்யும் வேலைக்குத் தண்டனை உங்களுக்கும் உண்டு.

சிங்கப்பூருக்கு வெளியே போனால், சில நாடுகளில் பட்டியல் உண்மையிலேயே இருக்கிறது. பிரிட்டனின் உள்துறை அமைச்சு, உரிமம் பெற்ற முதலாளிகளின் பெயர்களை வெளியிடுகிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள், அவற்றில் முதியோர் இல்லமும் உணவகமும் ஏராளம். உரிமம் இருப்பதால் காலியிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2025 ஜூலை 22 முதல் அங்கே பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. நெதர்லாந்தும் நியூசிலாந்தும் இதே போலப் பதிவேடு வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் முதலாளிக்கு உரிமமே தேவையில்லை. உங்கள் பட்டம் அங்கே ஏற்கப்படுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பிரிட்டன், நியூசிலாந்து போன்ற நாடுகளில் மலேசியப் பொறியியல் பட்டத்துக்கு ஒரு பலம் உண்டு: உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் மலேசியா 2009இல் முழு உறுப்பினரானது. அந்தப் பலன் கிடைக்க உங்கள் படிப்பு மலேசியப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். சேரும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. படித்து முடித்த பின் பார்ப்பவர்களே அதிகம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, கெடாவிலேயே இருக்கும் கூலிமில் சேர்ந்து அங்கிருந்து வெளிநாடு போகும் வழிதான். யானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இன்டெல், ஜெர்மனியின் இன்ஃபினியன், ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் என்று கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இருப்பவை பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் கம்பெனிகள். இன்ஃபினியனுக்கு ஆஸ்திரியாவின் ஃபில்லாக்கிலும் ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் சில்லு ஆலைகள் உண்டு. ஏடி அண்ட் எஸ்ஸின் தலைமையகம் லேயோபனில். இப்படிப்பட்ட கம்பெனி தன் சொந்த ஊழியரை இன்னொரு நாட்டுக் கிளைக்கு அனுப்புவதற்குப் பெரும்பாலான நாடுகளில் தனி விசா வகையே இருக்கிறது. சிங்கப்பூரில் கூட, உலக வணிக அமைப்பின் உடன்பாட்டு விதிகளின்படி கம்பெனிக்குள்ளேயே மாற்றலாகி வருபவருக்குக் காம்பஸ் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. அந்நிய முதலாளிக்கு உங்கள் பெயர் வெறும் காகிதம். கூலிமில் மூன்று நான்கு வருஷம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவரை அதே கம்பெனியின் வெளிநாட்டு மேலாளர் நேரில் பார்த்திருப்பார். கூலிமில் சேரும்போதே, வெளிநாட்டுக் கிளைகளில் காலியாகும் வேலைகளை ஊழியர்களுக்குள் அறிவிக்கும் வழக்கம் உண்டா, எத்தனை ஆண்டு கழித்து அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.